விபத்து அச்சத்தோடு ஸ்கூபா கற்கலாமா? தொடக்கநிலைப் பயிற்சி குறித்த ஒரு மதிப்புரை

நீருக்கடியில் மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சுபவர்கள் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்தபடி முக்குளிப்பது, கற்கலாமா என்ற கேள்விக்கு, அண்மையில் நான் முடித்த தொடக்கநிலைப் பயிற்சியை வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன். பெரும்பாலான பயிற்சி நிறுவனங்கள் ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ என்று அழைக்கும் இந்தப் பயிற்சி, துணையாள் ஒருவருடன் 18 மீட்டர் ஆழம் வரை முக்குளிக்கும் தகுதியைத் தருகிறது. முதலில் பாடம், அடுத்து நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடல் போன்ற திறந்த நீரில் நான்கு முக்குளிப்புகள் என்ற அமைப்பு எங்கு போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அதே அமைப்பு, நடத்துபவரைப் பொறுத்து, அச்சத்தைக் கரைக்கவும் செய்கிறது, இறுக்கவும் செய்கிறது. இரண்டு மையங்களில் இரண்டையும் அனுபவித்ததால் இதை எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் மையத்தில் நான் சேர்ந்தது ஒருநாள் அறிமுக முக்குளிப்பில். ஒரே பயிற்றுநருக்கு ஆறு பேர் இருந்தோம். கருவிகளைப் பற்றிய விளக்கம் இருபது நிமிடங்களில் முடிந்துவிட்டது. “காற்று வராமல் போனால் என்ன செய்வது?” என்று நான் கேட்டபோது, “அதெல்லாம் நடக்காது, என்னைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்” என்று பதில் வந்தது. அவர் அன்போடுதான் சொன்னார். இருந்தாலும், கேள்வி கேட்டவனின் மனத்தில் அந்தப் பதில் எதையும் மாற்றவில்லை. மூன்று மீட்டர் ஆழத்தில் மாஸ்க்குக்குள் நீர் கசிந்து மூக்கைத் தொட்டது. அடுத்த கணம் நான் மேலே பாய்ந்துகொண்டிருந்தேன். பயிற்றுநர் என் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து வேகத்தைக் குறைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது பல மாதங்கள் கழித்து, பாடத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால், அந்தச் சில மீட்டர்களே நுரையீரலைக் கிழிக்கப் போதுமானவை. ‘மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள்’ என்ற விதி அன்றும் சொல்லப்பட்டதுதான். ஆனால் இருபது விதிகளுக்கு நடுவே, அதே குரலில், ஒரே ஒரு முறை.

அதன்பின் பல மாதங்கள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இரவுகளில் முக்குளிப்பு விபத்துகளின் விவரங்களைத் தேடித் தேடிப் படித்தேன்; படிக்கப் படிக்க அச்சம் உருவமற்றதாகப் பெருகியது. இரண்டாவது மையத்தைத் தொடர்புகொண்டபோது முதல் உரையாடலிலேயே இவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கிருந்த பயிற்றுநர் ஆறுதல் எதுவும் கூறவில்லை. “எது நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்று கேட்டு எழுதிக்கொண்டார். காற்று தீர்வது, கருவி பழுதாவது, மாஸ்க் கழன்றுவிடுவது, துணையாளைத் தொலைப்பது, வேகமாக மேலே போய்விடுவது என்று ஐந்து வந்தன. இரண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர், குளத்துப் பயிற்சிக்கு ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள், எந்தத் திறனுக்கும் காலக்கெடு கிடையாது என்ற மூன்றையும் அவரே முன்வைத்தார். நான் அந்த மையத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு உரையாடலே போதுமானதாக இருந்தது.

பயிற்சியின் முதல் நாளில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு மணி நேரத்தை அவர் விபத்துகளுக்கென்றே ஒதுக்கினார். இந்தச் சேவையில் எதற்காவது முழு மதிப்பெண் தருவதென்றால் இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் தருவேன். முக்குளிப்போரின் பாதுகாப்புக்காக 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை அலசி 2008இல் வெளியிட்ட ஆய்வை அவர் மேசைமேல் விரித்தார். விபத்தைத் தொடங்கிவைத்த காரணத்தைக் கண்டறிய முடிந்த நிகழ்வுகளில் 41 விழுக்காடு காற்றுப் போதாமையால் தொடங்கியிருந்தன. எதிலாவது சிக்கிக்கொண்டவை 20 விழுக்காடு. கருவிச் சிக்கல்கள் 15 விழுக்காடு. என் பட்டியலில் கருவி பழுதாவதற்கு நான் எவ்வளவு பெரிய இடம் கொடுத்திருந்தேன் என்பதை அந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் தவறான கதவுக்குக் காவல் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

பிறகு காகிதத்தில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் காற்று நிரப்பினால், வெளிக்காற்றின் அளவில் அது ஏறத்தாழ 2400 லிட்டர். கரைக்குத் திரும்பவும் அவசரத்துக்கும் 50 பாரை ஒதுக்கிவிட்டால் செலவுக்கு எஞ்சுவது 1800 லிட்டர். நீர்மட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று கொண்டால், ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் பத்து மீட்டரில் 40 லிட்டரும் பதினெட்டு மீட்டரில் 56 லிட்டரும் செலவாகும். அதாவது முதலாவதில் 45 நிமிடம், இரண்டாவதில் 32 நிமிடம். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டால் இந்த நேரம் பாதியாகக்கூடக் குறையும். காற்று தீர்வது என்பது திடீரென்று தலையில் விழும் இடி என்றே அதுவரை நினைத்திருந்தேன்; அது அழுத்தமானியின் முள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகரும் ஒரு செலவு என்பதை நானே கணக்கிட்டுக் கண்டது, யாரும் சொல்லிக் கேட்டதைவிட ஆழமாகப் பதிந்தது. சிலிண்டரின் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டரின் அமைப்பையும் பிரித்துக் காட்டினார். வாயில் வைக்கும் பகுதியில் உள்ள வால்வு காற்று ஓடும் திசையிலேயே திறக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது பழுதானால் பெரும்பாலும் காற்று அடைபடுவதில்லை, நிற்காமல் பீறிடுகிறது. பீறிடும் ரெகுலேட்டரிலிருந்து உதடுகளைச் சற்றே விலக்கி, வேண்டிய காற்றை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் பயிற்சியைக் குளத்தில் செய்தபோது என் பட்டியலில் இரண்டாவது வரி அடிபட்டது.

குளத்துப் பயிற்சியில் எனக்கு மலையாக நின்றது மாஸ்க். வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் நீர் மூக்கைத் தொட்டவுடன் தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது. அது உடலின் தற்காப்பு. அந்தத் தற்காப்பு நிலத்தில் பிறந்த உயிருக்கு உதவும், ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு உதவாது. ஆகவே பயிற்றுநர் என்னை ஆழத்துக்கு அழைத்துச் செல்லவேயில்லை. இடுப்பளவு நீரில் நின்று, மாஸ்க் இல்லாமல் முகத்தை மட்டும் அமிழ்த்தி, ரெகுலேட்டரால் ஒரு நிமிடம் சுவாசிக்கச் சொன்னார். முதல் முறை பத்து நொடிகூடத் தாங்கவில்லை. ஐந்தாவது முறை ஒரு நிமிடம் கடந்தது. பிறகு மண்டியிட்டு, மாஸ்க்கில் விரற்கடை அளவு நீர், அடுத்துப் பாதி, அடுத்து முழுதும் என்று கூட்டினார். முழுதும் நிரப்பியபோது ஏழாவது முயற்சியில் எழுந்து நின்றுவிட்டேன். “என்ன ஆயிற்று?” என்று மட்டும் கேட்டார். மூக்கு வழியாக உள்ளிழுத்துவிட்டேன் என்றேன். நீர் நிரம்பியிருக்கும் நேரம் முழுக்க மூக்கால் மிக மெல்லிய இழையாகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும் மூக்குக்குள் நீர் ஏறாது என்பது அப்போதுதான் உறைத்தது. மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்றே மேலே நோக்கி, மூக்கால் நீளமாக ஊதினால் நீர் கீழ்விளிம்பு வழியே வடிந்துவிடுகிறது. பதினோராவது முயற்சியில் அது எனக்குக் கைவந்தது. மறுநாள் காலையில் தொடர்ந்து ஐந்து முறை செய்துகாட்டிய பின்னரே அடுத்த திறனுக்கு நகர்ந்தோம். என்னுடன் பயின்றவர் இதை முதல் முயற்சியிலேயே முடித்திருந்தார். அவரைக் காத்திருக்க வைக்காமல் அவருக்கு வேறு பயிற்சி கொடுத்து, என்னையும் அவசரப்படுத்தாமல் நடத்திய விதத்தில் பயிற்றுநரின் தேர்ச்சி தெரிந்தது. ‘பயப்படாதீர்கள்’ என்ற சொல்லை அந்த இரண்டு நாட்களில் அவர் ஒரு முறையும் பயன்படுத்தவில்லை.

மூச்சுத் திணறலைப் பற்றிய அவருடைய விளக்கமும் குறிப்பிடத்தக்கது. அச்சத்தில் நாம் வேகமாக, மேலோட்டமாக மூச்சுவிடுகிறோம். அப்படி விடும்போது நுரையீரலில் கரியமில வாயு தங்கிவிடுகிறது. மூச்சு வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது முக்கியமாக அந்த வாயுவின் மிகுதியே. ஆகவே ரெகுலேட்டர் காற்றைத் தந்துகொண்டிருக்கும்போதே ‘காற்று வரவில்லை’ என்ற உணர்வு எழுகிறது. ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாயத் தோன்றுகிறது. அதற்கு மாற்று, இன்னும் அதிகமாக உள்ளிழுப்பதில் இல்லை. முதலில் நீளமாக, முழுவதுமாக வெளியே விடுவதில் இருக்கிறது. நில், மூச்சு விடு, யோசி, செயல்படு என்ற வரிசை பாடநூல்களில் உண்டு. அதில் இரண்டாவது ஏன் மூன்றாவதற்கு முன்னால் நிற்கிறது என்பதை உடற்செயலோடு சேர்த்து விளக்கியவர் எனக்கு இவர்தான்.

காற்று தீர்வதை உண்மையாகவே உணரச் செய்யும் பயிற்சியும் குளத்தில் நடந்தது. என் கண்ணெதிரில் அழுத்தமானியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பயிற்றுநர் பின்னாலிருந்து என் சிலிண்டரின் வால்வை மூடினார். இரண்டு மூச்சு வழக்கம்போல் வந்தது. மூன்றாவது, தடித்த குழாயில் உறிஞ்சுவதுபோல் கனத்தது. முள் சுழியத்துக்குச் சரிந்தது. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டிக் காட்டும் சைகையைக் கொடுத்தேன், வால்வு உடனே திறந்தது. சில நொடிகள்தான். ஆனால் மாதக்கணக்கில் இரவுகளில் நான் கற்பனை செய்துகொண்டிருந்த அந்தக் கணத்துக்கு இப்போது ஒரு குறிப்பிட்ட உணர்வும், ஒரு குறிப்பிட்ட சைகையும், அதன்பின் துணையாளின் மாற்று ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைக்கும் ஒரு குறிப்பிட்ட அசைவும் கிடைத்துவிட்டன. அதை அன்றே துணையாளுடன் எட்டு முறையாவது செய்திருப்போம். நான் கொடுப்பவனாக நான்கு, வாங்குபவனாக நான்கு. பல மையங்களில் இது ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது என்று பிறகு கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடத்தைக் கவனித்தவர் எவரும் தேறிவிடலாம்.

திறந்த நீரில் முதல் முக்குளிப்பு ஒரு கயிற்றைப் பிடித்தபடி இறங்குவதாக அமைந்தது. நான்கு மீட்டரில் இடது காது வலித்தது. ஒரு மீட்டர் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, அழுத்தத்தைச் சமன்செய்து மீண்டும் இறங்கினேன். இதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. பயிற்றுநர் என் கண்களுக்கு நேரே, கைக்கெட்டும் தொலைவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது முக்குளிப்பில் ஏழு மீட்டரில் நீர் கலங்கி, துணையாள் நிழலாகத் தெரிந்தார். நெஞ்சு படபடத்தது, கட்டைவிரலை மேலே உயர்த்தினேன். முக்குளிப்பில் அது ‘நன்று’ என்ற சைகை இல்லை, ‘மேலே போகலாம்’ என்ற முடிவு. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம். விளக்கம் கேட்கக் கூடாது என்பது இந்தத் துறையில் நெடுநாளாக மதிக்கப்படும் வழக்கம். மூவரும் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நின்று, மேலே வந்தோம். படகில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த முக்குளிப்பை மறுநாள் கூடுதல் கட்டணமில்லாமல் திரும்ப நடத்தினார்கள். தன்னால் நிறுத்த முடியும் என்பது உறுதியாகத் தெரிந்தவருக்குத்தான் தொடர்ந்து இறங்கும் துணிவு வருகிறது என்பதை அந்த மறுநாள் முக்குளிப்பில் கண்டேன். என் அனுபவத்தில் இந்த மையம் வென்ற இடமும் இதுவே.

மூன்றாவதில் ஒன்பது மீட்டரிலிருந்து, வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்காமல், ‘ஆ’ என்று இடைவிடாமல் ஒலியெழுப்பியபடி மேலே நீந்தும் அவசர ஏற்றத்தைப் பயின்றோம். அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும் என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி, அந்த ஒன்பது மீட்டரில் என் நெஞ்சுக்குள் நடந்தது. ஒரே மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஏறுகிறேன், ஆனாலும் அது தீரவில்லை. சுருங்கியிருந்த காற்று விரிந்து விரிந்து வந்துகொண்டேயிருந்தது. மேலே பாய்ந்துவிடுவேனோ என்ற ஐந்தாவது அச்சத்துக்கு, ‘பாய்ந்தாலும் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே போ’ என்ற பதில் அன்று உடலிலேயே எழுதப்பட்டது.

நான்காவதில், பதினாறு மீட்டரில், முன்னால் போன துணையாளின் ஃபின் (காலில் அணியும் துடுப்பு) என் மாஸ்க்கைத் தட்டியது. பாதிக்குமேல் நீர் புகுந்தது. மூக்கால் ஊதி வெளியேற்றிவிட்டு நீந்திக்கொண்டிருந்தேன். படகில் பதிவேட்டை எழுதும்போதுதான் அது நடந்ததே நினைவுக்கு வந்தது.

இனி குறைகள். வாடகைக் கருவிகளில் எனக்குக் கிடைத்த அழுத்தமானியின் கண்ணாடி கீறல் விழுந்து, எண்கள் மங்கலாகத் தெரிந்தன. காற்றளவைப் பார்ப்பதே உயிர்நாடி என்று கற்பிக்கும் இடத்தில் இது சிறு குறையாகாது. கேட்டவுடன் மாற்றித் தந்தார்கள், ஆனால் நான் கேட்க வேண்டியிருந்தது. முதல் நாள் தந்த நீரணி, அதாவது உடலோடு ஒட்டிய முக்குளிப்பு உடை, நெஞ்சை இறுக்கியதால் மூச்சுத் திணறுவதுபோல் இருந்தது; அச்சத்தோடு வருபவர் அதைத் தன் அச்சமென்றே நினைத்துக்கொள்வார். ஒரு அளவு பெரியதை அணிந்ததும் பாதித் திணறல் போய்விட்டது. நீருக்குள் அமிழ உதவும் எடைக்கட்டை அவசரத்தில் கழற்றிவிடும் பயிற்சி நீர்மட்டத்தில் ஒரே ஒரு முறைதான் நடந்தது. முக்குளிப்பு மரணங்களில் மிகப் பலரின் எடைக்கட்டு கழற்றப்படாமலே இருந்திருக்கிறது என்று முதல் நாள் அவரே எங்களுக்குச் சொல்லியிருந்த நிலையில், கை தானாக அந்தக் கொக்கியைத் தேடிப் போகும் அளவுக்கு அதைப் பயிற்றுவித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு முன் பார்க்கச் சொன்ன காணொளிகள் எல்லாம் வண்ண மீன்களும் சிரித்த முகங்களுமாக இருந்தன. விபத்துகளைப் பற்றிய பகுதிகள் விரைந்து கடந்தன. அது மையத்தின் குற்றமில்லை, பாடத்திட்டத்தை வகுத்தவர்களின் போக்கு. ஆயினும் அச்சமுள்ள ஒருவருக்கு அந்தச் சிரித்த முகங்கள் எந்த உதவியும் செய்வதில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்தப் பயிற்சி எந்த அச்சத்துக்கும் மருந்தாகிவிடும் என்று நினைத்துச் சேர வேண்டாம். மேலே குறிப்பிட்ட அதே ஆய்வில், முக்குளிப்பவரைச் செயலிழக்க வைத்த பாதிப்புகளில் 26 விழுக்காடு இதயம் சார்ந்தவை. மாஸ்க்கை எத்தனை முறை காலி செய்து பழகினாலும் அந்த ஆபத்து குறையாது. சேர்க்கையின்போது தரப்படும் உடல்நலப் படிவத்தை மறைக்காமல் நிரப்புவதும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் ஒப்புதல் பெறுவதும்தான் அதற்கு வழி. ஆஸ்துமா, இதயநோய், காது அறுவை சிகிச்சை போன்றவற்றை மறைத்துச் சேர நினைப்பவருக்கு எந்த மையத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றே நாளில் தகுதி அட்டையை வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்பவர்களுக்கும் இந்த மையத்தின் நடை பொருந்தாது. எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

அச்சத்தோடு ஒரு மையத்தைத் தேடுபவர், முன்பணம் கட்டுவதற்கு முன் பயிற்றுநரிடமே பேச வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், ஒரு திறன் வரவில்லை என்றால் கூடுதல் நாள் உண்டா, பாதியில் மேலே வந்த முக்குளிப்பைத் திரும்ப நடத்துவார்களா, அவசர ஆக்சிஜன் படகில் இருக்கிறதா என்பனவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். கடைசியாக, காற்று வராமல் போனால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். ‘அதெல்லாம் நடக்காது’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘வாருங்கள், செய்து காட்டுகிறேன்’ என்பவரிடம் சேருங்கள்.

ஐந்து வரிகளில் நான்கை அடித்துவிட்டேன். துணையாளைத் தொலைப்பது என்ற நான்காவது வரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடம் தேடு, காணவில்லை என்றால் மெதுவாக மேலே போய்ச் சந்தி என்ற முறை மனப்பாடம். ஆனால் கலங்கிய நீரில் அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் கழித்துப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அதே மையத்தில், அதே பயிற்றுநருடன், நீருக்குள் ஏறாமலும் அமிழாமலும் நிற்கப் பழகும் மிதவைக் கட்டுப்பாட்டுக்காக இரண்டு நாள் பதிவு செய்திருக்கிறேன். அதில் ஒரு முக்குளிப்பைத் தெளிவு குறைந்த நீரில் வைத்து, இடையில் என்னைத் துணையாளிடமிருந்து பிரித்துவிடும்படி கேட்டிருக்கிறேன். கைக்கெட்டும் தொலைவில் தான் இருப்பதாகவும், நான் மட்டும் அவரைப் பார்க்க முடியாதபடி பார்த்துக்கொள்வதாகவும் பதில் எழுதியிருக்கிறார்.